அக்கா வளர்த்த பழ ஈக்கள்

வாழைப்பழக் கூழ் அடைத்த சின்னக் கண்ணாடிக் குழாய்கள், வாயில் பஞ்சு, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பழ ஈ. எழுபதுகளில் ஒரு கோடை விடுமுறைக்கு அக்கா சென்னையிலிருந்து மொரப்பூர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கியபோது அவள் மடியில் இருந்தவை அவை. விலங்கியல் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தாள். துணிப்பெட்டியைத் தங்கையான என் தலையில் கட்டிவிட்டு, குழாய்களை மட்டும் கைக்குழந்தையைப் போல ஏந்தி வந்தாள். வீட்டில் தண்ணீர்ப் பானையடி ஈரமணலில் அவற்றைச் செருகி வைத்தாள்.

ஆண் ஈ பெண்ணின் பின்னாலேயே நடக்கும், முன்காலால் தட்டும், ஒற்றைச் சிறகை விரித்து அதிரவைக்கும். அதுதான் அதன் பாட்டு. பிறந்ததிலிருந்து இன்னொரு ஈயையே பார்க்காத ஆணும் பாடுமா என்று தன் கண்ணால் பார்க்க அக்கா ஆசைப்பட்டாள்.

"ஆரும் சொல்லித்தர்றதில்ல புள்ள. ஜீன்லயே இருக்குது. அதுதான் மூளையில நரம்பப் பின்னி வெக்குது. ஆனா பாடிட்டா ஆச்சா? பொண்ணு வேணாம்னு ஒதுங்கிட்டா அவ்வளவுதான்" என்று சிரிப்பாள்.

இந்த வேலையைக் காட்டி ஆராய்ச்சிக்குச் சேர்வது அவள் கனவு. அதுவரை கல்யாணப் பேச்சு இல்லை என்று அப்பாவும் சொல்லியிருந்தார். அதற்குள் நல்லம்பள்ளியிலிருந்து ஒரு வரன் வந்தது.

"சும்மா பாத்துட்டுப் போறாங்க கண்ணு" என்றார் அப்பா.

வீட்டைக் கழுவிய அம்மா, வருகிறவர்கள் கண்ணில் ஈ படக்கூடாதென்று குழாய்களைக் கொண்டுபோய் மாட்டுக்கொட்டகைக் கூரைமேல் வைத்துவிட்டாள். சித்திரை வெயில். தலையில் பூவோடு அக்கா தேடி எடுத்தபோது ஈக்கள் எல்லாம் கூழில் ஒட்டிச் செத்துக் கிடந்தன.

"ஈதான, வேற புடிச்சுக்கலாம். அவங்க வந்துட்டாங்க பாரு" என்று அம்மா அவள் கையில் காப்பித் தட்டைக் கொடுத்தாள். அம்மா கெட்டவள் இல்லை. அம்மாவையும் ஒரு காலத்தில் அப்படித்தான் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"பையனுக்குப் புடிச்சிருக்குதாம்" என்று அப்பா மகிழ்ச்சியோடு சொன்னார். உனக்குப் புடிச்சிருக்குதா என்று யாரும் அக்காவைக் கேட்கவில்லை. கல்யாணம் முடிந்தது; அவள் சென்னைக்குத் திரும்பவே இல்லை. அதன்பின் அவள் வீட்டுப் பழத்தில் ஈ உட்கார்ந்தால் பார்க்காமலே துணியால் விரட்டுவாள்.

போன மாதம் அக்காவின் கருமாதி. படையலில் வைத்த வாழைப்பழத்தில் ஓர் ஆண் ஈ ஒற்றைச் சிறகை விரித்து அதிரவைத்தது. விரட்ட வந்த அக்காவின் மருமகளிடம், "இரும்மா" என்றேன். பெண் ஈ கொஞ்சம் நின்றது. பிறகு ஒதுங்கிப் பழத்தின் மறுபக்கம் போனது. ஆண் சிறகை மடக்கிக்கொண்டது.

அதன்பின் எனக்கு அழுகை அடங்கவில்லை.