பல்கலைக்கழகத்துக்குப் பக்கம் கட்டுகிறேன்

பல்கலைக்கழக இணையதளத்தில் வேலை பார்ப்பவருக்கு மாதத்துக்கு ஒரு பண்டிகை உண்டு; லீவுதான் கிடையாது. மகளிர் தினம், அறிவியல் தினம், பட்டமளிப்பு விழா என்று எது வந்தாலும் அதற்கென்று தனியாக ஒரு சிறப்புப் பக்கம் கட்டியாக வேண்டும். ஆவடிப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் அந்த வேலை என்னுடையது. திருநின்றவூரில் ரயில் ஏறி ஆபீஸ் வந்து சேர்வதற்குள், டீனிடமிருந்து போனில் திருத்தங்கள் வந்து குவிந்திருக்கும். இதே பிழைப்பில் இருப்பவர்கள் இப்போதே பெருமூச்சு விட்டிருப்பீர்கள்.

பசுமை வளாகம்

சுற்றுச்சூழல் தினத்துக்கு ‘பசுமை வளாகம்’ என்று ஒரு பக்கம் கேட்டார் டீன். எங்கள் வளாகத்தில் அப்போது பச்சையாக இருந்தது, புதுக் கட்டடத்தைச் சுற்றிக் கட்டியிருந்த வலை மட்டும்தான். படம் எடுக்கும் டில்லிபாபு கேமராவோடு அலைந்துவிட்டு, கடைசியில் காம்பவுண்டுச் சுவர்மேல் ஏறி, அந்தப் பக்கம் இருந்த புங்கமரத்தைப் பிரமாதமாக எடுத்தான். மரத்தின் சொந்தக்காரர் கீழே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். நான் ஓடிப்போய் அவரிடம் அனுமதி கேட்டேன்.

“எடுத்துக்கோம்மா, மரம் இன்னா தேஞ்சா பூடும்? ஆனா கீழ ‘இது பக்கத்து ஊட்டுக்காரர் மரம்’னு ஒரு வரி போட்டுரு.”

நீலத் தண்ணீர்

அறிவியல் தினப் பக்கத்துக்கு வேதியியல் பேராசிரியை வசந்தி மேடத்தின் படம் வேண்டும். விஞ்ஞானி என்றால் வெள்ளைக் கோட்டும், கையில் நீலத் தண்ணீர் உள்ள கண்ணாடிக் குடுவையும் இருந்தே தீரவேண்டும் என்பது டீனின் உத்தரவு. நாங்கள் சொட்டுநீலம் கலந்து கொடுத்ததை மேடம் தூக்கிப் பிடித்தார். “ஏதோ கண்டுபுடிச்சா மாரி பாருங்க மேடம்” என்றான் டில்லிபாபு. மேடம் குடுவையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“என் ஆராய்ச்சி முழுக்க கம்ப்யூட்டர்லதாம்ப்பா. இப்ப கண்டுபுடிச்சது ஒண்ணுதான், இது சொட்டுநீலம்.”

இன்றே சேருங்கள்

அட்மிஷன் நேரத்தில் எல்லாப் பக்கங்களின் அடியிலும் ‘நீங்களும் இன்றே சேருங்கள்!’ என்று ஒரு சிவப்புப் பட்டன் மினுக்கிக்கொண்டிருக்கும். எந்தப் பக்கத்திலும் அதை எடுக்கக் கூடாது என்பது டீனின் கண்டிப்பு. அந்த நேரம் பார்த்து, அறங்காவலர்களில் மூத்தவர் காலமானார். கறுப்பு வெள்ளைப் படம் வைத்து அஞ்சலிப் பக்கம் கட்டினேன். “இதுலயாவது பட்டனை எடுத்துடலாமா சார்?” என்று கேட்டுப் பார்த்தேன். “ரூல்னா ரூல்தாம்மா” என்றார் டீன்.

மறுநாள் பெரியவரின் தம்பி டீனுக்கே போன் செய்தார். ஸ்பீக்கரில் நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

“அண்ணன் போன இடத்துக்கு நாங்க மெதுவாவே வர்றோம் சார், இன்னைக்கே சேரச் சொல்லாதீங்க.”

சுகன்யா

‘குடும்பத்தின் முதல் பட்டதாரிகள்’ என்ற பக்கத்துக்கு டீன் தேர்ந்தெடுத்தது குத்தம்பாக்கத்துப் பெண் சுகன்யாவை. அப்பா அம்பத்தூரில் லேத் ஆபரேட்டர். அவள் படத்தின் கீழே விளம்பரப் பிரிவு எழுதிய வரி: ‘இருட்டுக் குடிசையில் பூத்த வெளிச்சம்.’ பக்கம் வெளியான அன்றே சுகன்யா என் மேஜை முன்னால் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. “நான் கிளாஸ் உள்ள நுழைஞ்சாலே ‘வெளிச்சம் வருது’ன்னு கத்தறாங்க மேடம். எங்க ஊடு மாடி ஊடு. அப்பா பாத்தா இன்னா நெனப்பாரு?”

யாரையும் கேட்காமல் பக்கத்தை எடுத்துவிட்டேன். டீன் குதித்தார். “அந்த வரிதாம்மா பக்கத்துக்கே உயிரு!”

சுகன்யாவின் அப்பா அதற்குள் பார்த்துவிட்டிருந்தார். மறுநாள் ஷிப்ட் முடிந்து, யூனிஃபார்மோடு நேரே வந்தார். “அந்த வரியை நீங்களே அவருக்குப் படிச்சுக் காட்டுங்க சார்” என்று டீனின் அறையில் கொண்டுபோய் உட்காரவைத்தேன். டீன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். ‘இருட்டுக்’ வரைக்கும்தான் வந்தார். அதற்குமேல் குரல் வரவில்லை. “எடுத்தது எடுத்ததாவே இருக்கட்டும்மா” என்றார் என்னைப் பார்க்காமல். புதுப் பக்கத்தை சுகன்யாவையே எழுதச் சொல்லலாம் என்று முடிவானது. அப்பா எழுந்து கும்பிட்டார். முகத்தில் கோபமே இல்லை.

“எங்க ஊட்ல லைட்டு எப்பவும் எரிஞ்சிகினுதான் கீது சார், இவ படிக்கறதுக்கோசரம்.”

பக்கம் கட்டுவது சுலபம்; யாரைப் பற்றிக் கட்டினோமோ அவர் எதிரில் உட்கார்ந்து அதைப் படிக்கத்தான் தொண்டை வேண்டும்.