பத்திரிகையில் தாய்மாமன் பெயர்

என் வீட்டுக்காரர் இலங்கைக்குப் போன பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். படையை மொத்தமாகத் திருப்பி அழைத்தபோது அவரும் வந்தார். அடுத்த தையில் எங்களுக்குக் கல்யாணம். பிறகு சில வருடம் வடக்கே இருந்துவிட்டு, பென்ஷனோடு சொந்த ஊரான ஏம்பலம் வந்து கரும்பு வைத்தார். இலங்கையில் என்னதான் நடந்தது என்று புதிதில் கேட்டிருக்கிறேன். "சண்ட முடிஞ்சி வந்தாச்சி, வுடு" என்பார். நானும் விட்டுவிட்டேன். முப்பது வருடத்துக்கும் மேலாக எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது.

அப்புறம் என் மகன் போய் யாரைக் காதலித்தான் தெரியுமா? வில்லியனூரில் தையல் கடை வைத்திருக்கும் அம்மாவின் பெண்ணை. அந்த அம்மா யாழ்ப்பாணத்துக்காரர். சின்ன வயதில் படகேறி இங்கே வந்தவர், புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாகப் பெண்ணை வளர்த்தவர். பெண் இங்கேயே பிறந்தவள், தங்கமான குணம். எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது: மாப்பிள்ளையின் அப்பா அங்கே போன பட்டாளத்துக்காரர் என்று தெரிந்தால் அந்த அம்மா பெண் கொடுப்பாரா?

"யாராவது கேட்டா பஞ்சாப்ல இருந்தேன்னு சொல்லுங்க. பொய் இல்லியே, அங்கயும்தான இருந்தீங்க" என்று இவருக்குப் பாடம் எடுத்தேன். இவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கரும்புக்குக் கிளம்பிவிட்டார்.

அந்த அம்மா அதைப் பற்றிக் கேட்காமலே சம்மதித்துவிட, கல்யாணப் பத்திரிகை அடிக்கப் பெயர்களை எழுதிக்கொள்ள நான், இவர், மகன் மூன்று பேருமாக அவர்கள் வீட்டுக்குப் போனோம். நோட்டு என் கையில்தான். எங்கள் பக்கம் தாய்மாமன் பெயர் இல்லாமல் பத்திரிகை கிடையாது. பெண்ணைக் கைபிடித்து மேடைக்கு அழைத்து வருவதும் அவர்தான்.

"பொண்ணுக்குத் தாய்மாமன் பேரு இன்னா போடறது, சம்பந்தியம்மா?"

அவர் தன் அண்ணன் பெயரைச் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

"எங்க இருக்கறாரு?"

"தெரியாது."

என் வாய் சும்மா இருக்குமா? "தெரியாதுன்னா எப்படிம்மா? முன்னாடி காலஞ்சென்றன்னு போட்டுக்கலாமா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"செத்தவர் எண்டு ஆர் சொன்னது?" என்றார் அந்த அம்மா. உள்ளே போய் ஒரு போட்டோ எடுத்து வந்தார். மீசை அரும்பாத பையன், நெற்றியில் முடி விழுந்திருந்தது. "சைக்கிளில ரியூசனுக்குப் போனவன். சந்தியில இந்தியன் ஆமி லொறியில ஏத்தினதைக் கண்டன் எண்டு ஒருத்தர் சொன்னவர். இல்லை, படகில போயிட்டான் எண்டு இன்னொருத்தர். ஆமிக்காரர் எல்லாரும் திரும்பிப் போயிட்டினம். இவன் வரேல்லை."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. அப்போதுதான் இவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் அந்தப் பக்கந்தாம்மா இருந்தேன். லாரி ஓட்டுனேன்."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். மகன் தரையைப் பார்த்தான். சமையலறை வாசலில் நின்ற பெண், தன் அம்மாவையே பார்த்தாள். அந்த அம்மா போட்டோவை இவர் பக்கம் தள்ளினார்.

"வடிவா உத்துப் பாருங்கோ, அண்ணை. ஏத்தினீங்களோ?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "தெரியலம்மா. பின்னாடி ஏத்துவாங்க, ஓட்டுன்னுவாங்க, ஓட்டுவேன். ஒரு மூஞ்சியும் நான் திரும்பிப் பாத்தது இல்ல."

"இப்ப போயிட்டு வாங்கோ" என்றார் அந்த அம்மா. எழுந்து வந்தோம்.

வீட்டுக்குள் கால் வைத்ததும் பிடித்துக்கொண்டேன். "பெரிய அரிச்சந்திரன்! புள்ள வாழ்க்கைல மண்ண அள்ளிப் போட்டுட்டியே! வாய மூடிகினு இருந்தா இன்னா கொறஞ்சி போச்சி?"

"அந்தப் பையன் போட்டோவ கைல வெச்சிகினு பஞ்சாப்னு சொல்ல சொல்றியா?"

அவர் கேட்டது நியாயம்தான். ஆனாலும் கோபம் அடங்கவில்லை, இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

ஆறாம் நாள் அந்த அம்மா பஸ் பிடித்துத் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். தண்ணீர்கூட வாங்கிக்கொள்ளவில்லை. "என்ர பெட்டை அழுதழுது சாப்பிடுறாளில்லை. கலியாணத்தை நான் மறிக்கேல்லை" என்று என்னிடம் சொல்லிவிட்டு இவரிடம் திரும்பினார். "உங்களோட ஆமியில நிண்டவை இப்பவும் இருப்பினம்தானே, அண்ணை. அவையிட்டைக் கேளுங்கோ." போட்டோவின் நகல் ஒன்றைக் கொடுத்தார். பத்திரிகையில் அண்ணன் பெயருக்கு முன்னால் ஒன்றும் போட வேண்டாம் என்றார். சரி என்றேன்.

இவருடைய பட்டாளத்து ஆட்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. எத்தனையோ முறை கூப்பிட்டும் சேராதவர், அன்றைக்கே சேர்ந்தார். போட்டோவைப் போட்டு, மகனிடம் கேட்டு இந்தியிலும் இங்கிலீஷிலும் எழுதினார். குட்மார்னிங் பூப்படங்களுக்கு நடுவே பையன் முகம் வந்தது. சிலர் கும்பிடு போட்டார்கள். ஒருவர் போன் போட்டு, "வுடுப்பா, அதெல்லாம் எப்பவோ முடிஞ்சி போச்சி" என்றார். இவர் முன்பு என்னிடம் சொன்ன அதே பேச்சு. இவர் போனை வைத்துவிட்டு மறுநாளும் அந்தப் போட்டோவைப் போட்டார். அதற்கு மறுநாளும் போட்டார்.

கரிக்கலாம்பாக்கத்தில் மனைகளுக்கு நடுவே புதிதாகக் கட்டியிருக்கும் மண்டபத்தில்தான் கல்யாணம். எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர், தூரத்துச் சொந்தத்தில் யாரையாவது தாய்மாமனாக நிற்க வைத்தால் என்ன என்று கேட்டார். அந்த அம்மா சம்மதிக்கவே இல்லை. வேறொருவரை நிற்க வைத்தால் அண்ணன் இல்லையென்று தானே ஒத்துக்கொண்டது போலாகுமாம். பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், மூன்று தடவை கூப்பிட வேண்டும் என்று ஐயரிடம் சொல்லி வைத்திருந்தார்.

ஐயர் மைக்கில் கூப்பிட்டார். ஒருவரும் எழவில்லை. கூட்டத்தில் குசுகுசு என்று பேச்சு. என் சொந்தக்காரர்கள் முன்னால் எனக்கு மானம் போனது, ஏன் இந்தப் பிடிவாதம் என்று எரிச்சல்கூட வந்தது. இரண்டாம் தடவை கூப்பிட்டார். மூன்றாம் தடவையும் கூப்பிட்டார். அந்த அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தானே மகளின் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வந்தார்.

எல்லோரும் பெண்ணைப் பார்த்தார்கள். இவர் மட்டும் மண்டபத்து வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.