வண்டு பிடித்த அரிசியும் நான் போடாத கையெழுத்தும்

பூச்சியைப் படித்தவனுக்கு ஊரில் மரியாதை கிடையாது, பூச்சிக்காவது பயப்படுவார்கள். "என்ன வேலை பார்க்கிறீர்?" என்று கேட்டவர்களிடம் மூன்று தடவை விளக்கிச் சொல்லி, நான்காவது தடவை "சர்க்கார் வேலை" என்று முடித்துக்கொண்டவர் உங்களில் யாராவது இருந்தால், வாருங்கள், இப்படிப் பக்கத்தில் உட்காருங்கள். நம்ம பாடு ஒன்றுதான்.

மூட்டையில் காது

யுத்த காலம். பர்மா அரிசி நின்றுபோய், ரேஷன் கடை வாசலில் ஊரே வரிசையில் நின்ற சமயம். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் சர்க்கார் அரிசி அடுக்கிய ஒரு கிட்டங்கியில் என்னைப் பூச்சி இன்ஸ்பெக்டராகப் போட்டார்கள். தற்காலிகப் பதவிதான். நாசரேத்தில் வாத்தியாராக இருந்த என் அப்பா, பெற்ற பிள்ளை வண்டு எண்ணப் போகிறானே என்று ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

முதல் நாள் உள்ளே போனதும் ஒரு மூட்டைமேல் படுத்துக் காதை வைத்தேன். அரிசிமணிக்குள் இருக்கும் புழு கறுக் கறுக்கென்று கடிப்பது, உன்னிப்பாகக் கேட்டால் நன்றாகவே கேட்கும். சுமை ஆட்களின் மேஸ்திரி சூசை வாசலில் நின்று பார்த்தார். பார்த்துவிட்டு ஒரே கத்தல்: "ஏலே, ஒரு செம்பு தண்ணி கொண்டாங்கல! புது சார் வந்ததும் வராததுமா மயங்கி விழுந்துட்டாரு!"

மேல் வரிசை

கிட்டங்கியைக் கவனித்துக்கொண்ட கான்ட்ராக்டர் அண்ணாச்சி ஒருநாள் ஒரு படி அரிசியை என் மேஜையில் கொட்டினார். அரிசியைவிட வண்டுதான் அதிகம். "மொத்தச் சரக்கும் இப்படித்தான். மனுசன் திங்க லாயக்கில்லன்னு எழுதிருங்க" என்றார். எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? மாட்டுத் தீவனம் என்று சொல்லி அவரே அள்ளிக்கொண்டு போவார். அதே அரிசி கறுப்புச் சந்தையில் தலைகாட்டும். வரிசையில் நிற்கிற பெண்கள் வெறும் பையோடு வீட்டுக்குப் போவார்கள்.

மனிதர் ஒரு தப்புப் பண்ணியிருந்தார். மேல் வரிசை மூட்டையிலிருந்து அரிசி எடுத்திருந்தார். மேலே மேலே ஏறுவதுதான் வண்டின் புத்தி. நான் குத்தூசியை எடுத்து அடி மூட்டைகளில் குத்தினேன். வெள்ளை வெளேரென்று அரிசி விழுந்தது. தேடித் தேடிப் பார்த்தும் இரண்டே வண்டு. "கையெழுத்துப் போட மாட்டேன், அண்ணாச்சி." அவருக்குக் கோபமே வரவில்லை. என்னைப் பார்த்து நிஜமாகவே வருத்தப்பட்டார்: "படிச்ச புள்ள, ஒரு வண்டுக்காவ பொழப்பைக் கெடுத்துக்கிடுதீயளே!"

இரண்டாம் சோறு

நாலாம் நாள் என் மேலதிகாரி காரில் வந்து இறங்கினார். சரக்கு லாயக்கில்லை என்ற காகிதம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. என் கையெழுத்துதான் பாக்கி. ஒளிப்பானேன், எனக்குப் பயம் பாதி, ஆத்திரம் பாதி. "இருக்கிறதிலேயே மோசமான மூட்டையை வெயிலில் போட்டுக் காட்டுகிறேன். தின்ன முடியாதென்றால் கையெழுத்துப் போடுகிறேன்" என்றேன்.

அரிசி புடைக்கிற மரியபுஷ்பம் முற்றத்தில் பாயை விரித்து மூட்டையைக் கொட்டினாள். தூத்துக்குடி உச்சி வெயில், கேட்கவா வேண்டும்! வண்டெல்லாம் பாயைவிட்டு நாலு பக்கமும் ஓட்டம் பிடித்தது. அவள் சுளகில் புடைத்து, களைந்து, அங்கேயே உலை வைத்தாள். சுமை ஆட்கள் அத்தனை பேரும் சுற்றி நிற்க, நான் தரையில் சம்மணம் போட்டு அவளுடைய கருவாட்டுக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டேன். மறுசோறும் வாங்கினேன். சத்தியமாக அது பசிக்கு வாங்கியதில்லை, திமிருக்கு வாங்கியது. மேலதிகாரி காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்: "தற்காலிக ஊழியருக்கு இவ்வளவு வீம்பு ஆகாது, மிஸ்டர்."

கடைசிக் கையெழுத்து

அத்தனை பேர் பார்த்த பிறகு அந்த அரிசியை எப்படி மாட்டுக்கு அனுப்புவது? காயப்போட்டு, புடைத்து, ரேஷன் கடைக்கே அனுப்பினார்கள். மறு வாரம் எனக்கும் ஒரு உத்தரவு வந்தது: இந்தப் பதவி இனித் தேவையில்லை. பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, பேனாவை நன்றாக அழுத்திக் கையெழுத்துப் போட்டேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ரேஷன் கடை. வரிசையில் நின்று அரிசி வாங்கிய மரியபுஷ்பம் பையோடு ஓடி வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, என் கண்ணும்தான். "வெயிலுக்கு வண்டெல்லாம் ஓடிட்டு, சார். நீங்க ஒத்தையில நின்னுட்டீயளே!"

ஆக, அந்தக் கிட்டங்கியில் லாயக்கில்லை என்று கழித்துக்கட்டிய சரக்கு ஒன்றே ஒன்றுதான், அது நான்.