பதில் வராத பத்து நிமிடம்

மூன்று வருடங்களுக்கு முன், மகள் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த கையோடு, பெங்களூரிலிருந்து முருடேஷ்வருக்குக் குடும்பமாகப் போயிருந்தோம். அங்கிருந்து படகில் போனால் ஒரு தீவு. அதை ஒட்டிய கடலில், கண்ணாடி மாட்டி, வாயில் ஒரு குழாயைக் கவ்விக்கொண்டு, மிதந்தபடியே கீழே இருக்கும் மீன்களைப் பார்க்கலாம். ஸ்நார்க்கலிங் என்கிறார்கள்.

அடம்பிடித்தது மகள்தான். "எந்த பீச்சுக்குப் போனாலும் அப்பா கரையில செருப்புக்குக் காவல் உக்காந்துடறாரு. நான் காலேஜுக்குக் கெளம்பறதுக்குள்ள ஒரே ஒரு தடவ என்கூட தண்ணில இறங்கட்டும்மா" என்றாள். என் கணவருக்குத் தண்ணீர் என்றால் பயம். சிறுவயதில் கல்குவாரித் தண்ணீரில் மூழ்கியவரை யாரோ முடியைப் பிடித்துத் தூக்கிக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆனால் மகள் கேட்டு அவர் இல்லை என்று சொன்னதே கிடையாது. சரி என்றுவிட்டார்.

அவரைத் தயார்படுத்தும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூட வாத்தியார் அவர்தான். வீட்டில் ஹெட்மாஸ்டர் நான் என்பார். காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு நீச்சல்குளம் இருக்கிறது. இரண்டு மாதம், ஞாயிறு தோறும் சர்ச் முடிந்ததும் அங்கே இழுத்துப் போனேன். பக்கத்திலேயே நின்று, பயமா இருக்கா, மூச்சு முட்டுதா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அவர் பத்தடி போவதற்குள் எழுந்து நின்றுவிடுவார். ஒரு ஞாயிறு எனக்கு ஓவர்டைம். அன்று குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை போய்விட்டதாக வந்து சொன்னார். சும்மா அளக்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன்.

கேட்பது என் தொழில் என்றே சொல்லலாம். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு மேற்பார்வை பார்க்கிறேன். அங்கே பெரிய ரசாயனத் தொட்டிகளைக் காலி செய்து, உள்ளே ஆள் இறங்கிக் கழுவ வேண்டும். இறங்குபவர் இடுப்பில் கயிறு கட்டியிருக்கும். வெளியே ஒருவர் நின்று இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை குரல் கொடுக்க வேண்டும். உள்ளிருந்து பதில் வர வேண்டும். வராவிட்டால் யோசிக்கவே கூடாது, கயிற்றை இழுத்துவிட வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவரிடமிருந்து பதில் வரவில்லை. மயங்கிக் கிடந்தவரை வெளியே இழுத்துப் போட்டுப் பிழைக்க வைத்தோம். அன்றிலிருந்து யாராவது கொஞ்சம் மௌனமானாலே என்ன ஆச்சு என்று கேட்டுவிடுவேன்.

கடலில் இறங்கியதும் மகள் இன்னொரு கைடுடன் முன்னால் போய்விட்டாள். எங்களுக்கு வந்த கைடு எங்கள் வயதுக்காரர், கன்னடம் பேசுகிற கடற்கரை ஊர்க்காரர். லைஃப் ஜாக்கெட்டை இழுத்துச் சரிபார்த்தார். படகின் ஏணியைப் பிடித்தபடியே முகத்தைத் தண்ணீரில் வைத்து வாயால் மூச்சு விடப் பழக்கினார். பிறகு ஒரு மிதவை வளையத்தைப் பிடிக்கச் சொல்லி, அதன் கயிற்றை இழுத்துக்கொண்டு மெதுவாக முன்னால் நீந்தினார். நான் கணவருக்குப் பக்கத்தில்.

கொஞ்ச நேரம் ஆனதும் அவர் தோளைத் தட்டினேன். "ஏங்க, ஓகேவா?"

தலையைத் தூக்கி, குழாயை வாயிலிருந்து எடுத்து, "ம், ஓகே" என்றார். மறுபடி முகத்தை வைத்தார். இருமினார். நான் பயந்துபோய் மறுபடி தட்டினேன். "என்னங்க ஆச்சு?" மறுபடி தலை தூக்கி, "ஒண்ணுமில்லம்மா" என்றார். மூன்றாவது முறையும் கேட்டேன். வளையத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, "போதும். படகுக்குப் போயிடலாம்" என்றார். அவர் முகம் வெளிறியிருந்தது.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. லைஃப் ஜாக்கெட் இருக்கிறது, வளையம் இருக்கிறது, கைடு இருக்கிறார், நான் இருக்கிறேன். இதற்கு மேல் ஒரு மனிதருக்கு என்ன பாதுகாப்பு வேண்டும்? ஏணியைப் பிடித்திருந்தபோது நன்றாகத்தானே மூச்சு விட்டார்? தூரத்தில் மகளின் மஞ்சள் குழாய் தெரிந்தது. அவளுக்கு என்ன பதில் சொல்வது? நாலாவது முறையாக வாயைத் திறந்தேன்.

"ஸ்வல்ப சும்னிரி மேடம்!" என்றார் கைடு.

கொஞ்சம் சும்மா இருங்கள் என்று என்னையா சொன்னார்? எனக்குச் சுருக்கென்றது. அவர் கோபமில்லாமல், எனக்கும் தெரிந்த கன்னடத்தில் சொன்னார். நீங்கள் கேட்டால் சார் பதில் சொல்ல வேண்டும், அதற்குக் குழாயை எடுக்க வேண்டும். தலை மேலே வந்தால் கால் கீழே போகிறது, குழாயில் தண்ணீர் ஏறுகிறது, அப்புறம் அந்தத் தண்ணீரைத்தான் அவர் இழுக்கிறார். கேட்காதீர்கள். கையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஏதாவது வேண்டுமென்றால் அவரே உங்கள் கையை அழுத்துவார். பிறகு என் கணவரிடம் திரும்பி, படகு இதோ இருக்கிறது சார், எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம், நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார்.

இவர் படகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மகள் இருந்த பக்கம் பார்த்தார். குழாயைக் கவ்விக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்தார்.

அதற்குப் பிறகு ஒரு பத்து நிமிடம் இருக்கும். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை. தொட்டியாக இருந்தால் கயிற்றை ஐந்து முறை இழுத்திருப்பேன். கடலுக்கு அடியில் என்ன இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவர் குழாயின் நுனியையே பார்த்துக்கொண்டு மிதந்தேன். அவர் என் விரல்களை நொறுக்குகிற மாதிரி பிடித்திருந்தார். அது நல்லதா கெட்டதா? அழுத்தினால் என்ன அர்த்தம், இதுதான் அழுத்துவதா? ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு அந்தப் பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. தூங்கும் குழந்தையின் கை தளருமே, அப்படி.

திடீரென்று கையை விட்டுவிட்டார்.

எனக்கு உயிரே போய்விட்டது. வாயில் குழாய் இருப்பதையும் மறந்து "ஏங்க!" என்று கத்தப் போய், ஒரு வாய் உப்புத் தண்ணீரைக் குடித்து, நான்தான் இருமிக்கொண்டு தலையைத் தூக்கினேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. முகம் தண்ணீரில்தான் இருந்தது. அந்தப் பக்கம் மகள் நீந்தி வந்திருந்தாள். என் கையை விட்டது, கீழே எதையோ அவளுக்குச் சுட்டிக்காட்ட. காட்டிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரின் குழாய்களும் பக்கம் பக்கமாக, என்னை விட்டுவிட்டுத் தள்ளிப் போயின. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷமா என்று கேட்டால் அதுவும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

படகில் ஏறியதும் தலையைக்கூடத் துவட்டாமல், "பச்சையும் நீலமுமா ஒரு மீனு, கிளி மாதிரி மூக்கு! என் கைக்குக் கீழயே போச்சு. பாத்தியா?" என்றார். "பாத்தேன்" என்று பொய் சொன்னேன்.

ஊர் திரும்பும்போதுதான் அவர் மெல்ல ஆரம்பித்தார். "தப்பா நெனச்சுக்காத. நீ ஓகேவா ஓகேவான்னு கேக்கக் கேக்க, ஏதோ ஆகப் போகுது போலன்னு பயம் வந்துச்சு. நீ பேசாம வந்தப்புறம்தான், சரி, ஒண்ணும் ஆவலன்னு தோணுச்சு." நீச்சல்குளத்தில் நான் பக்கத்தில் இல்லாத அந்த ஞாயிறு அவர் அளக்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

இன்றும் தொட்டி வாயிலில் நின்று உரக்கத்தான் குரல் கொடுக்கிறேன், பதில் வரும்வரை நகர்வதில்லை. அது சரியான வேலை. ஆனால் வீட்டில் அவர் பால்கனியில் பேசாமல் உட்கார்ந்திருக்கும்போதும், ஹாஸ்டலிலிருந்து மகள் போனில் சட்டென்று மௌனமாகும்போதும், அதே கேள்வி நாக்கு நுனிக்கு வந்துவிடுகிறது. அதை அவர்களுக்காகக் கேட்கிறேனா, என் பயத்துக்காகக் கேட்கிறேனா என்று பிரித்துப் பார்க்க எனக்கு இன்னும் தெரியவில்லை. அந்தக் கை என் கைக்குள் மெல்லத் தளர்ந்ததை நினைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கேட்காமல் இருந்து பார்க்கிறேன்.