கருமாதி நாளில் கடலை பிடுங்கியவள்

என் நாவலின் பதினோராம் அத்தியாயத்தை மூன்று முறை எழுதினேன். மலாயாவுக்குப் போன கணவனைப் பற்றி நான்கு வருடங்களாகத் தகவல் இல்லாத ஒரு பெண், அவனுக்குக் கருமாதி செய்யக் கூடியிருக்கும் உறவினர்கள் நடுவில் எழுந்து நின்று பேசும் இடம் அது. முதல் முறை எழுதியபோது அவள் இரண்டு பக்கத்துக்குப் பேசினாள். எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. அந்தப் பெண் என் அம்மா. நாவலில் ஊரை மாற்றியிருந்தேன், பெயரை மாற்றியிருந்தேன். ஆனால் நடந்ததை மாற்றவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான்.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்ட மலாயாவுக்குக் கப்பல் ஏறியபோது நான் கைக்குழந்தை. எங்கள் ஊரான பூலாம்பாடியில் அது அதிசயமில்லை. எங்கள் தெருவிலிருந்து மட்டும் பல பேர் அங்கே இருந்தார்கள். மாதம் ஒரு கடிதம் வரும். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததும் அது நின்றது. தபால்காரர் எங்கள் தெருப்பக்கம் வருவதே குறைந்துபோனது.

சண்டை எங்கோ நடந்தாலும் எங்களுக்கும் அது தெரிந்தது. பெரம்பலூர் பஸ் பெட்ரோல் இல்லாமல் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடியது. மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். துணி, சர்க்கார் அளந்து கொடுக்கும் கன்ட்ரோல் கடையில்தான் கிடைத்தது. வேலைக்கு ஆள் கிடைக்காத ஒரு ஆவணியில் எங்கள் புன்செய்யை அம்மாவே ஏர் பிடித்து உழுதாள். பொம்பளை ஏர் பிடித்தால் மழை பெய்யாது என்று ஊரில் பேசினார்கள். அந்த வருடமும் மழை மற்ற வருடங்களைப் போலத்தான் பெய்தது.

சண்டை முடிந்த பிறகு பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் திரும்பி வந்தார். அப்பாவோடு ஒரே தோட்டத்தில் இருந்தவர். ஜப்பான்காரர்கள் இரண்டு பேரையும் கூட்ஸ் வண்டியில் ஏற்றி, சயாமில் ரயில் பாதை போட அனுப்பினார்களாம். அங்கே முகாமில் காலரா வந்தது. நடக்க முடிந்தவர்களை வேறு இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். அப்பா அந்தக் கூட்டத்தில் இல்லை. பின்னால் அந்த முகாமையே கொளுத்திவிட்டதாக அவர் சொன்னார்.

அம்மா அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நீங்க கண்ணால பாத்தீங்களா?"

அவர் யோசித்துவிட்டு, புகையைத்தான் பார்த்தேன் என்றார்.

அப்பாவின் அண்ணனுக்கு, என் பெரியப்பாவுக்கு, அந்தப் புகை போதுமானதாக இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. தம்பியின் ஆவி தெரியாத காட்டில் அலையக் கூடாது என்று நினைத்தார். தை மாதத்தில் ஒரு நாள் குறித்தார். அம்மாவுக்குப் பிறந்த வீட்டில் யாரும் இல்லாததால், தாலி அறுத்த பிறகு கட்டவேண்டிய வெள்ளைச் சேலையை அவரே பெரம்பலூர் கன்ட்ரோல் கடையில் கால்கடுக்க நின்று வாங்கிவந்தார்.

அன்று காலை உறவினர்கள் ஏரிக்கரையில் கூடிவிட்டார்கள். அம்மா எப்போதும் போலப் பழைய சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கூழ்ச்சட்டியை எடுத்துக்கொண்டு, என்னைக் கையில் பிடித்துக் கிளம்பினாள். வாசலில் பெரியப்பா வந்து நின்றார்.

"ஏம்மா, எல்லாரும் கரையில காத்துக் கெடக்கிறாங்க."

"கடலை புடுங்க இன்னைக்கு ஆள் சொல்லியிருக்கேன் மாமா. ஈரம் காஞ்சிட்டா செடி வராது. நான் வரல."

அவ்வளவுதான். குரல் உயரவில்லை. நாங்கள் நடந்தோம். நான் மட்டும் திரும்பிப் பார்த்தேன். பெரியப்பா கையில் அந்தச் சேலையோடு அப்படியே நின்றார். எனக்கு அப்போது எட்டு வயது. அம்மா ஏதோ பெரிய தப்பு செய்கிறாள் என்று நினைத்துப் பயந்தேன்.

கடலைக் காட்டில் வேலைக்குச் சொல்லியிருந்த பெண்கள் வந்திருந்தார்கள். அம்மா எல்லோரையும் விட வேகமாகப் பிடுங்கிக்கொண்டு முன்னால் போனாள். பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்தபோது, பெண்டாட்டியும் பிள்ளையும் இல்லாமல் கருமாதி நின்றுபோயிருந்தது. வாசற்படியில் வெள்ளைச் சேலை மட்டும் மடித்து வைத்திருந்தது. அம்மா அதை டெய்லரிடம் கொண்டுபோய், நான் பள்ளிக்கூடம் போக இரண்டு சட்டை தைத்து வந்தாள். அந்தத் துணியையா பிள்ளைக்குப் போடுவது என்று சொந்தக்காரர்கள் பதறினார்கள். நல்ல துணி, இந்தக் காலத்தில் வேறு எங்கே கிடைக்கும் என்று அம்மா சொல்லிவிட்டாள். பெரியப்பா எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிட்டார்.

ஆனி மாதம் ஒரு கடிதம் வந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். கை நடுங்குவதால் பக்கத்தில் இருப்பவர் எழுதுகிறார், நான் உயிரோடு இருக்கிறேன், கப்பலுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன் என்று இருந்தது. அம்மா என்னை மறுபடி படிக்கச் சொன்னாள். பிறகு, ஓடிப்போய்ப் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்றாள். அவர் மேல்துண்டுகூட இல்லாமல் ஓடிவந்து, தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அம்மா அவருக்கு இலை போட்டாள்.

அரியலூர் ஸ்டேஷனுக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். கம்பு ஊன்றி ஒருவர் இறங்கினார். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை பெரிய தழும்பு. இவர்தான் அப்பா என்று எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் அம்மாவின் நெற்றியையும் கழுத்தையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எனக்குக் கருமாதி பண்ணியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"ஏற்பாடு பண்ணாங்க. எனக்கு வேலை இருந்துச்சு."

அப்பா சிரித்தார். பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்பா சயாமைப் பற்றி அதிகம் பேசமாட்டார். பல வருடங்களில் துண்டு துண்டாகச் சொன்னதை நான் சேர்த்துக்கொண்டேன். முகாமைக் காலி செய்தபோது அவரால் நடக்க முடிந்திருக்கிறது. ஆனால் படுத்துக் கிடந்தவர்களை விட்டுப் போக மனம் வராமல், தானும் நோயாளி போலப் படுத்துக்கொண்டார். மண்ணெண்ணெய் டின்னில் ஆற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து அவர்களுக்குக் கொடுத்திருக்கிறார். பிறகு பிழைத்தவர்களை ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாற்றிவிட்டு, காலியான குடிசைகளைத்தான் கொளுத்தினார்கள். இதை ஒரு பெரிய காரியமாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னது, "சுடுதண்ணி வச்சேன்" என்பதுதான்.

அப்பா காலமாகிப் பல வருடங்கள் கழித்துத்தான் நாவலை எழுத ஆரம்பித்தேன். பதினோராம் அத்தியாயத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு பக்கப் பேச்சையும் பொறுமையாகக் கேட்டாள்.

"இவ்வளவு நேரம் பேசிக்கிட்டு நின்னா கடலைய யாரு புடுங்கறது?" என்றாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இரண்டாம் முறை பேச்சைக் குறைத்து, ஏரிக்கரையில் அவள் அழுவதாக எழுதினேன். அன்றைக்கு நான் ஏரிக்கரைக்கே போகவில்லையே என்றாள். மூன்றாம் முறைதான், வாசலில் அவள் சொன்னதை மட்டும் எழுதினேன். அத்தியாயம் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தது. நாவலிலேயே சின்ன அத்தியாயம் அதுதான். நான் எழுதியதிலேயே நல்ல பகுதியும் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

புத்தகம் அச்சாகி வந்த அன்று அந்த அத்தியாயத்தை மறுபடி படித்துக் காட்டினேன். அப்போது அம்மாவுக்கு எண்பது தாண்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடித்ததும், "பக்கத்து வூட்டுப் பொண்ணக் கூப்புடு. அதுவும் கேக்கட்டும்" என்றாள்.

அந்தப் பெண் வந்து உட்கார்ந்தாள். நான் முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.