மூன்று முறை சிங்க்

வெள்ளிக்கிழமை காலையில் ரூபி போனில் அழைத்தாள். "மாமா, அப்பா போயிட்டாவ. நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு நாற்காலியிலேயே சாஞ்சிட்டாவ" என்றாள். அழுது ஓய்ந்தபின், "கம்ப்யூட்டர் அப்படியே ஓடிட்டு இருக்கு. மூடிரவா?" என்று கேட்டாள். "தொடாதம்மா. சார்ஜரையும் பிடுங்காத" என்றேன். சாமுவேல்ராஜின் மரணச் செய்திக்கு நான் சொன்ன முதல் பதில் இதுதான். நினைத்தால் இன்னும் கூசுகிறது.

நாங்கள் இருவரும் ஒரே ஆலையின் கணினி அறையில் வேலை பார்த்தவர்கள். அங்கே கணினியை இயக்கிய மென்பொருள் யூனிக்ஸ். ஓய்வுபெற்றபின் அதன் பாட்டனைப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. அறையை அடைக்கும் அந்தக் காலத்துக் கணினியைப் போல மடிக்கணினியை நடிக்க வைக்கும் மென்பொருள் ஒன்றைத் தேடிப் பிடித்தார். அதற்குள் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய யூனிக்ஸ் எழுந்து உட்கார்ந்தது. சனிக்கிழமைதோறும் பாளையங்கோட்டையில் அவர் வீட்டில் கூடுவோம். அவர் கையேட்டை வாசிப்பார். நான் தட்டச்சு செய்வேன். தப்பாக அடித்தால் அது ஒரு கேள்விக்குறியை மட்டும் காட்டும். "என்ன தப்புன்னு சொல்லாது வே, நம்ம பழைய மேனேஜர் மாதிரி" என்பார்.

அந்த யூனிக்ஸில் சேமித்தாலும் உடனே டிஸ்க்கில் பதிந்துவிடாது. பதிய வைக்க, நிறுத்துமுன் 'சிங்க்' என்று அடிக்க வேண்டும். ஆலையில் அதை மூன்று முறை, நிதானமாக, வரிக்கு ஒன்றாக அடிப்போம். "இது பொய் மிஷின்தானே, இதுக்கும் மூணா?" என்று ஒருநாள் கேட்டேன். "மிஷின் பொய்யா இருக்கட்டும். நம்ம பழக்கம் மெய்யில்லா?" என்றார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஆலையில் எங்களோடு இருந்தவர்களை நினைவிலிருந்து பட்டியல் போட்டோம். ஆளுக்கு ஒரு வரி. அவர்களில் பாதிப்பேர் இன்று இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் சிங்க் அடிக்காமலே மூடிவிட்டேன். அவர் திறந்து பார்த்தார், பட்டியலைக் காணோம். "போட்டும் வே. நீரு பஸ்ஸைப் பிடியும்" என்றார். திட்டியிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவர் திட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் நடக்கும்போதுகூட, வீட்டில் கரண்ட் போயிருக்குமோ என்றுதான் என் மனசு அடித்துக்கொண்டது. அடக்கம் முடிந்து வந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். திரையில் அதே பட்டியல், ஆங்கில எழுத்தில் எங்கள் தமிழ். எனக்குத் தெரியாமல் முதலிலிருந்து மறுபடி அடித்திருக்கிறார். இன்னும் சேமிக்கவில்லை. கடைசி வரி என்னைப் பற்றியது, பாதியில் நின்றது: "சங்கரன். நல்ல மனுஷன். சிங்க் அடிக்க மட்டும்"

"என்ன மாமா எழுதியிருக்காவ?" என்றாள் ரூபி. வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள், எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

மிச்சத்தை நான் அடித்தேன்: "இனி மறக்கமாட்டான்." சேமித்தேன். மடிக்கணினி ரூபியிடமே இருக்கட்டும். அவரிடமிருந்து எனக்கு அந்த நிதானம் போதும். ஒரு சிங்க் அடித்தேன். காத்திருந்து இன்னொன்று அடித்தேன். மூன்றாவதையும் அடித்துவிட்டால் நிறுத்தியாக வேண்டும். அதனால் கொஞ்ச நேரம் அடிக்காமலே உட்கார்ந்திருந்தேன்.