வாயும் வயிறுமாக ஒரு மீன்

எழுபதுகளின் தொடக்கத்தில், போர்ட் பிளேரில் நான் வேலை பார்த்த மீன் ஆய்வகத்துக்கு, மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த ரோகு குஞ்சுகளோடு திலாப்பியாவும் கலந்து வந்துவிட்டது. எங்கள் பக்கத்து ஓடைகளில் அந்த மீன் கிடையாது. ஒருமுறை புகுந்தால் வெளியே எடுக்க முடியாது. அதனால் பிரித்தெடுத்துச் சிமென்ட் தொட்டியில் வைத்திருந்தோம். சில மாதங்களில் தொட்டியில் மீன்பேன் கண்டது. கண்ணாடிச் சில்லு போலத் தட்டையாகச் செதிலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் பூச்சி அது.

தொட்டியைக் காலி செய்ய முடிவானது. செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதிக்கொண்டேன். தண்ணீரை ஓடைப் பக்கம் விடாமல் மேட்டு மண்ணில் விட வேண்டும். தொட்டிக்குச் சுண்ணாம்பு. வலைகளுக்கு வெயில். மீன்கள் சாப்பாட்டுக்கு, சமைத்தால் பேன் மனிதரை ஒன்றும் செய்யாது. ஊழியர்களுக்குப் பங்கு பிரித்தார்கள். என் பங்கை ப்யூன் தண்ணீர் வாளியோடு எங்கள் பத்துபஸ்தி வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பங்கில் முதுகுத் துடுப்பின் நடுப்பகுதி இல்லாத பெண் மீன் ஒன்று இருந்தது. தொட்டியில் அப்படி இருந்தது அது மட்டும்தான்.

அன்று படகுத்துறையான ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் வேலை முடித்து வந்த அண்ணன், சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டான்.

"ஆபீஸ் மீன் வருதுன்னு தங்கச்சி சொன்னாளே, எங்க?"

"கொட்டிட்டேன்," என்றாள் அண்ணி.

அவளுக்கு அப்போது மாசம் ஏழு. மீன் வாடையே ஆகாது. நாங்கள் அதற்கு மேல் கேட்கவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையை எல்லாரும் இந்தியில் நாலா என்போம். அது இறங்கிப் போகும் வழியில், அந்தத் தண்ணீரே பாயும் ஒரு வங்காளி அம்மாவின் குளம் இருந்தது. வங்காளத்தில் சின்னம்மாவுக்கு மாசி என்று பெயர். நாங்களும் அவரை அப்படியே கூப்பிடுவோம். "மாசி கருவாடு விற்குமா?" என்று அண்ணன் கேலி செய்வான். உண்மையில் அவர் கடல் மீனைத் தொடவே மாட்டார். காட்டை வெட்டி, மேட்டை வெட்டித் தோண்டிய குளத்தில் எங்கள் ஆய்வகத்து ரோகுவை வளர்த்தார். பேரனுக்கு முதல் சோறு ஊட்டும் நாளில் சொந்தக் குளத்து ரோகுவின் தலை இலையில் இருக்க வேண்டும். வங்காளத்திலிருந்து தன்னோடு குடியேற வந்த குடும்பங்களையெல்லாம் அதற்கு அழைத்துவிட்டார்.

அண்ணிக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது; விருந்துக்கு முந்தைய வாரம் மாசி ஆள் அனுப்பினார். போனேன். ரோகுகள் கரையோரம் பக்கவாட்டில் சாய்ந்து மூச்சு வாங்கின. ஒன்றைக் கையில் எடுத்தேன். செதில் முழுக்கப் பேன்.

"பேட்டி, இது உங்க ஆபீஸ் மீன்தானே?" என்றார் மாசி. பேட்டி என்றால் மகள். திட்டும்போதும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

நான் வலையை வீசினேன். ரோகுவோடு விரல் நீளத் திலாப்பியாக்கள் வந்தன. ஏறக்குறைய பாதிக்கு முதுகுத் துடுப்பின் நடுப்பகுதி இல்லை. எந்த மீனின் பிள்ளைகள் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

வீட்டுக்கு வந்தேன். அண்ணி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அன்னைக்கு மீனை எங்க கொட்டினீங்க?"

"நாலாவுல."

"உயிரோடயா?"

"பின்ன? அருவாமனையில வச்சேன். வாயைத் திறந்துச்சு. உள்ள இருந்து குஞ்சுகளா வந்து விழுது. வாயும் வயிறுமா இருக்கிறவளை அறுக்கச் சொல்றியா? அதுவும் நான் இருந்த இருப்புல?"

திலாப்பியா வாயில்தான் குஞ்சு காக்கும். படித்தது. பரீட்சையில் எழுதியது. கர்ப்பிணியைச் சொல்ல நாம் வைத்திருக்கும் வார்த்தை அந்த மீனுக்கு அப்படியே பொருந்தும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

மாசியிடம் நடந்ததைச் சொன்னேன். அண்ணியும் குழந்தையோடு கூட வந்தாள். மாசி குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். குளத்தை இறைத்தோம், சுண்ணாம்பு போட்டோம். விருந்துக்கு ஜெட்டியிலிருந்து அண்ணன் சூரை என்னும் கடல் மீன் கொண்டுவந்து கொடுத்தான். பேரனின் வாயில் மாசி அதைத்தான் ஊட்டினார், தான் மட்டும் சாப்பிடவில்லை.

மறுநாள் நாலாவில் இறங்கிப் பார்த்தேன். பாறையில் ஒட்டி வாழும் சுண்டுவிரல் அளவு மீன் ஒன்று அங்கே உண்டு. நாங்கள் யாரும் இங்கே வருவதற்கு முன்பிருந்தே இருப்பது. கல்லோடு ஒன்றை எடுத்தேன். அதன் கண்ணுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சில்லு போல ஒன்று ஒட்டியிருந்தது.

கரையில் நின்ற மாசி கேட்டார்: "என் குளம் காலியாச்சு. நாலாவை எப்போ பேட்டி காலி பண்ணுவீங்க?"

கல்லை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.